ஆடின படங்கள்

அந்தப் போட்டோ ஸ்டுடியோவில் அவளுக்கு டச்சப் அக்கா என்று பெயர். எடுத்த படத்தில் முகப்பருவை எடுப்பாள், வெறும் சட்டையோடு வந்தவருக்குக் கோட்டு மாட்டிவிடுவாள், வழுக்கையில் நாலு முடிகூட நடுவாள். ஊரிலுள்ள முகத்துக்கெல்லாம் பட்டி பார்த்த கை அது.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு படம். குறைமாதத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வராமலே போய்விட்ட மகளை நர்ஸ் எடுத்துக் கொடுத்த படம். குழாய் நழுவாமலிருக்க மூக்கின்மேல் பிளாஸ்திரி. "பாத்துப் பாத்து அழுவுறியே, போதும்மா" என்று கணவன் அவள் செல்போனிலிருந்து அதை அழித்தான். அவனும் அன்போடுதான் செய்தான். அந்த அன்பை என்ன சொல்லி வைவது? அதற்கு முன்பே அவள் ஒரு பிரதியைக் கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டது அவனுக்குத் தெரியாது.

கடைக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். முதலாளி பார்ப்பார், முதலாளியின் மச்சான் பார்ப்பார், கேமராக்காரனோ ஒன்றுவிடாமல் குடைவான். முதலில் அவள் பாஸ்வேர்டு போட்டுத்தான் வைத்தாள். "என்னக்கா, எங்களுக்குத் தெரியாம புதையலா?" என்று கேமராக்காரன் நாள் முழுக்க ஓட்டினான். பூட்டுதான் கண்ணை உறுத்துகிறது என்று அவளுக்குப் புரிந்தது. பூட்டை எடுத்துவிட்டு, படத்தை 'ஆடின படங்கள்' ஃபோல்டருக்குள் போட்டாள். எடுக்கும்போது கை ஆடி மங்கிப்போனதெல்லாம் கிடக்கும் இடம் அது. அதை எந்தப் பைத்தியம் திறக்கும்?

ஆளில்லாத நேரத்தில் அவள்தான் திறப்பாள். அந்தப் பிளாஸ்திரியை எடுக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. எடுக்கவில்லை. அந்த முகத்தை அவள் அதோடுதான் பார்த்திருக்கிறாள்.

விடுமுறை முடிந்து அவள் வந்தபோது கேமராக்காரன் வாயெல்லாம் பல்லாக நின்றான்.

"உக்காந்து பாருங்கக்கா, மெஷின் பறக்குது! நத்தை மாதிரி நகருதுன்னு தினமும் பொலம்புவீங்களே, லீவுல வந்து குப்பையெல்லாம் அள்ளிக் கொட்டிட்டேன்."

அவள் உட்காரவில்லை. "ஆடின படமெல்லாம்?"

"அதான் முதல்ல. சுத்தமா தொடச்சு, அந்த எடத்துல புதுப் படமும் ஏத்தியாச்சு. இனி யாரு நெனச்சாலும் திரும்ப எடுக்க முடியாது. ஆனா கண்டபடி அழிக்கலக்கா, ஒவ்வொண்ணா பாத்துத்தான் அழிச்சேன். ஒரு பாப்பா படம் மட்டும் ஆடவே இல்ல. மூக்குல பிளாஸ்திரி அப்படியே இருந்துச்சு. வேணுங்கிற படமா இருந்தா நீங்க பிளாஸ்திரிய எடுத்திருப்பீங்கல்ல? யாரோ வேணாம்னு விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன்."

வாய்க்கு வந்தபடி கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் அவளுக்கு நல்லது செய்துவிட்ட பூரிப்பில் அல்லவா அவன் நிற்கிறான்!

அவள் முகத்தைப் பார்த்து அவன் சிரிப்பு மங்கியது. "ஏங்க்கா, அத யாராச்சும் கேட்டு வந்தாங்களா?"

"இல்லப்பா. யாரும் வரல."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் சட்டென்று திறந்துகொண்டது. அவள் எதையும் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.