புள்ளிக்கு ஒரு மூச்சு

என் கணவர் செய்த வடிகட்டிப் பெட்டியை யாராவது புகழ்ந்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். அது மோசமான பெட்டி இல்லை. நன்றாகவே வேலை செய்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இரண்டாவது உலகச் சண்டை முடிந்து அவர் பட்டாளத்திலிருந்து திரும்பியிருந்தார். அங்கே வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். இருவருக்கும் சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். சேலத்தில் குகைப் பகுதியில், தறிக்காரர்கள் தெருவில், ஓர் அறையும் சமையற்கட்டுமாகக் குடியிருந்தோம். மெட்ராஸில் வயர்லெஸ் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் வாத்தியார் வேலைக்கு மனுப் போட்டிருந்தார். வெறுங்கையோடு போனால் பத்தோடு பதினொன்று. தானே செய்த கருவி ஒன்று கையில் இருந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

எனக்கும் ஓர் எண்ணம் இருந்தது. நான் எட்டு வருஷம் பாட்டுக் கற்றவள். வானொலியில் பாடுவதற்கான குரல் தேர்வுக்கு எழுதிப் போட்டு, திருச்சிக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. "எம்பட பொட்டி முடியட்டும் புள்ள, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். நம்பினேன்.

பெட்டியின் சங்கதி இதுதான். வயர்லெஸில் தந்திக் குறி ஒரே சுருதியில் கீ கீ என்று வரும். கூடவே இரைச்சலும் வரும், அடுத்த நிலையத்தின் கீச்சலும் வரும். குறியின் சுருதியை மட்டும் உள்ளே விட்டு, அதற்கு மேலும் கீழும் இருப்பதையெல்லாம் வாசலிலேயே நிறுத்த வேண்டும். அதற்கான பெரிய கம்பிச்சுருள் அப்போது கிடைக்கவில்லை. பதிலுக்கு ரேடியோவில் இருக்கும் கண்ணாடிக் குழாய் வால்வுகள் இரண்டை வைத்து, வெளியே வரும் ஒலியில் ஒரு பங்கை ரெசிஸ்டர், கண்டென்சர் வழியாகத் திருப்பி உள்ளேயே ஊட்டினார். ஊட்டுகிற அளவு சரியாக இருந்தால் ஒரு சுருதி மட்டும் ஓங்கி வரும். கொஞ்சம் கூடிப்போனால் உள்ளே எந்தக் குறியும் வராமலே பெட்டி தானாக ஊளையிடும். பலமுறை ஊளையிட்டிருக்கிறது. நிறுத்தும்வரை ஆடாமல் அசையாமல் அதே சுருதியில் நிற்கும்.

செய்ததைச் சோதிக்க வேண்டுமே. கல்லூரி ஒன்றிலிருந்து இசைக்கவைகளை இரவல் வாங்கி வந்தார். தட்டினால் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு சுருதியில் ஒலிக்கும் இரும்புக் கவைகள். ஆனால் பெட்டியிலிருந்து வெளிவரும் ஒலியை அளக்கும் மீட்டரின் முள் நிலைக்கு வருவதற்குள் ஒலி தேய்ந்துவிடும். ஒரு கவைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட சுருதிகளுக்கும் வழி இல்லை. இரண்டு நாள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர், அடுப்படியில் பாடிக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பினார்.

பழைய டெலிபோனிலிருந்து கழற்றிய மைக்கின் முன்னால் உட்கார்ந்து, கற்றுக்கொண்டபடி ஆகாரத்தில் பாடினேன்.

"ஆ வேண்டாம், ஊன்னு புடி. ஆ-ல பல சுருதி கலந்து வருது, முள்ளு பொய் சொல்லுது."

ஊ என்று பிடித்தேன்.

"ஆட்டாத புள்ள! முள்ளும் சேர்ந்து ஆடுது."

பாட்டுத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சங்கீதத்தில் ஸ்வரம் கட்டையாக நிற்காது, அசைய வேண்டும். தோடியில் காந்தாரம் அசையாவிட்டால் அது தோடியே இல்லை. அந்த அசைவு தொண்டையில் உட்கார என் பாட்டு வாத்தியார் இரண்டு வருஷம் என்னைத் திட்டினார். என் கணவருக்கு அதை அங்கிருந்து எடுக்க ஒரு மாதம் போதுமாக இருந்தது.

என் மேல் ஸட்ஜத்தையே பெட்டியின் நடுச் சுருதியாக வைத்தார். அதற்கு இரண்டு பக்கமும் என் குரல் எட்டும் என்பதுதான் காரணம். முள் நிற்கும்வரை நான் மூச்சைப் பிடிக்க வேண்டும்; அவர் எண்ணைக் குறித்து, கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைப்பார். பிறகு நூலளவு ஏற்றி அடுத்த புள்ளி. ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. தெருவில் தறி ஓடும்போது மைக்கில் அந்தச் சத்தமே நிறையும் என்பதால், தறிக்காரர்கள் சாப்பிடப் போகும் உச்சிவேளையில் பாடுவேன். பல நாள் என் சோறு ஆறிப்போகும்.

பொய் சொல்வானேன், எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "காலேஜ் கவைய விட நீ சுத்தம்" என்றார் ஒருநாள். கல்யாணமான நாளாக அவர் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான்.

தேர்வுக்கு முந்தின நாள் அமாவாசை. அன்று தெருவில் ஒரு தறியும் ஓடாது.

"நாளைக்குத் தேர்வுங்க. தொண்டைக்கு ஓய்வு வேணுமுங்க" என்றேன்.

"இன்னைக்கு உட்டா அடுத்த அமாவாசைதான். உன்னைய என்ன கத்தவா சொல்றேன்? ஊன்னு சொல்றதுக்கு என்ன?"

விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை ஊ என்றேன். அன்று இரவு புள்ளிகளைச் சேர்த்துக் கோடு இழுத்தார். நடுவில் மட்டும் எழும்பி, இரண்டு பக்கமும் சரேலென்று விழுந்தது கோடு. நினைத்தபடியே வந்துவிட்டது. குழந்தை போலச் சிரித்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் நாமக்கல் வழியாகத் திருச்சி போய்ச் சேர்ந்தோம். தேர்வு செய்ய இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோடி எடுத்தேன். காந்தாரம் கம்பம் நட்டதுபோல நின்றது. வலிந்து அசைத்தேன், வலிந்தது தனியாகத் தெரிந்தது. எனக்கே என் குரல் அந்தப் பெட்டியின் ஊளையாகக் கேட்டது. பாதியிலேயே ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சுருதி ரொம்ப சுத்தம்மா. ஆனா ஒரு ஸ்வரமாவது அசைய வேண்டாமா? நாங்க ஆர்மோனியத்தைச் சேர்த்துக்கிறதில்லை."

வானொலியில் அப்போது ஆர்மோனியத்துக்குத் தடை. பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

வெளியே பெஞ்சில் என் கணவர் அந்தத் தாளை மடியில் விரித்து வைத்திருந்தார். "ஆகலீங்க" என்றேன். "ஒரு மாசமா ஆட்டாத ஆட்டாதன்னீங்க. ஆட்ட வரலீங்க."

"ஆடத் தெரியாதவ கூடங் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்தார்.

அவருக்கு வேலை கிடைத்தது. அந்தத் தாளைப் பள்ளியில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். மெட்ராஸுக்குக் குடிபோனோம். பாட்டை விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, அவரிடம் படித்து வேலைக்குப் போன ஒருவர் வீட்டுக்கு வந்தார். தாளில் இருந்த கோட்டைப் புகழ்ந்தார். அது என் குரலால் வந்தது என்று நான் சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"எதுக்கும்மா? இன்னொரு வால்வை ஊளையிட வெச்சு, அந்தச் சத்தத்திலேயே சோதிக்கலாமே. எங்களுக்கு முதல் மாசமே சார் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்."

அன்று இரவு சாப்பிடும்போது என் கணவரிடம் கேட்டேன். இலையிலிருந்து தலை நிமிராமல் பதில் சொன்னார்.

"செஞ்சிருக்கலாந்தான். இன்னொரு வால்வுக்கு மெட்ராஸ் வந்து நாலு நாள் அலையோணும். நீ ஊட்டுலயே சும்மாதானே இருந்தே."

பிறகு மோர் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.