சீருடையைக் கழற்றிய சார்ஜன்

போன வாரம் யோங் பெங்கில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு. எட்டு மணிக்கு முழங்கால்!

எனக்குப் பயமில்லை. பக்கத்து வீட்டில்தான் சேகர் அண்ணன் இருக்கிறாரே... வாரநாளில் லாரி மெக்கானிக், வார இறுதியில் ரிசர்வ் ராணுவப் படையில் சார்ஜன். படகு ஓட்டத் தெரிந்தவர். இதைவிட என்ன வேண்டும்?

எட்டிப் பார்த்தால் – சீருடை, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். தயாராக இருக்கச் சொல்லி மெசேஜ் வந்ததாம். கிளம்பச் சொல்லி உத்தரவு இன்னும் வரவில்லையாம்.

பின் வரிசையில் ரொக்கியா மக்சிக் – மக்சிக் என்றால் அத்தை மாதிரி – என்கிற மலாய் அம்மா தனியாக இருக்கிறார். அன்று காலை அவருக்கு டயாலிசிஸ். சிங்கப்பூரில் வேலை செய்யும் அவர் மகள் எனக்குப் போன் போட்டு அழுகிறாள். தாமான் குழுத் தலைவர் தண்ணீரில் நடந்தே வந்து அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் அசையவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கூப்பிடு தூரத்தில் ஓர் உயிர். இதற்கு யாருடைய உத்தரவு வேண்டும்?

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "ராணுவம் கூட்டரசு கையில இருக்கு தங்கச்சி. ரிசர்வ் ஆளையும் அங்கேருந்துதான் இறக்கணும். மாநிலம்கூட கேட்கத்தான் முடியும்."

தண்ணீருக்குச் சட்டம் தெரியுமா என்று கேட்டேன்.

"இன்னைக்கு நல்லதுக்குன்னு நானா சீருடையோட இறங்கிடுவேன். நாளைக்கு இன்னொருத்தன் அவனுக்குப் பிடிச்ச காரணத்துக்குத் துப்பாக்கியோட இறங்குவான். யாரு நிறுத்துறது?"



அண்ணன் எழுந்து உள்ளே போனார். இரண்டே நிமிஷம். பழைய டீ-ஷர்ட், அரைக்கால் சட்டையோடு வந்து நின்றார்.

"சார்ஜன்தான் காத்திருக்கணும். சேகர் போலாம் லா."

எதிர்வீட்டுச் சீனர் மீன் பிடிக்க வைத்திருந்த ஃபைபர் படகை இறக்கினோம். மெர்சிங் கடலைக் கரையில் நின்று பார்த்தே நடுங்குகிறவள் நான் – இடுப்பளவுத் தண்ணீரில் கயிற்றைப் பிடித்து இழுக்கிறேன்! படகில் மக்சிக், மடியில் மருந்துப் பையோடு உட்கார்ந்து, வழியெல்லாம் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். மேட்டுச் சாலையில் குழுத் தலைவர் வரவழைத்த ஆம்புலன்ஸ். கதவு மூடியதும் பைத்தியக்காரி மாதிரி கை தட்டினேன்.

வீடு திரும்பிக் கொஞ்ச நேரத்தில் அண்ணனின் போன் அடித்தது. உத்தரவு! மறுபடி சீருடை, பூட்ஸ். ராணுவ லாரியில் ஏறினவர் மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை. பக்கத்துக் கம்பத்துக் கிராம மக்களையெல்லாம் படகில் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். மக்சிக்கும் நலமாகத் திரும்பிவிட்டார்.

நேற்று அண்ணனிடம் கேட்டேன்... அந்தப் படகு மட்டும் இல்லாமல் போயிருந்தால்?

 "அதை நினைச்சாதான் எனக்கும் தூக்கம் வரல" என்றார்.

ஆயுதம் பழகியவர்கள் உத்தரவுக்குக் காத்திருக்கிறார்கள், அப்படிக் காத்திருந்ததற்காகத் தூக்கமும் இழக்கிறார்கள் – அப்படிப்பட்ட நாட்டில் நாம் கொஞ்சம் நன்றாகவே தூங்கலாம், இல்லையா?