மாமாவின் பாஸ்போர்ட்

அடிமை ஒழிப்புப் பாடத்தை எங்கள் டீச்சர் நடத்தியதுபோல இன்னொருவர் நடத்த முடியாது. திருச்செங்கோட்டில் நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் அது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுபோன கதையைச் சொன்னார். ஊருக்குப் போக வேண்டுமென்று தவித்தாலும் அவர்களால் போக முடியாது என்று சொல்லி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன் பெஞ்சுப் பெண்பிள்ளைகளும் அழுதார்கள். பிறகு நல்லவர்கள் போராடினார்கள், சட்டம் வந்தது, அடிமைமுறை ஒழிந்தது என்று அவர் முடித்தபோது வகுப்பே கை தட்டியது.

நான் எழுந்து நின்றேன். ஆப்பிரிக்கா என்று காதில் விழுந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கேதான் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்த்தார். வண்டி டீச்சரின் வீட்டுக்காரருடையது.

"எங்க மாமாவும் ஆப்பிரிக்காவுலதானுங்க டீச்சர் இருக்காரு. தொலஞ்சு போயிருமுன்னு அவரு பாஸ்போர்ட்ட உங்க மேனேஜரே வாங்கிப் பத்திரமா வெச்சிருக்காருங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சர் உட்காரச் சொல்லிவிட்டு, கேள்வி பதிலைப் போர்டில் எழுத ஆரம்பித்தார்.

அந்த மாதமே அம்மாவின் அப்பா, எங்கள் அப்பச்சி, படுக்கையில் விழுந்தார். வாய் ஓயாமல் மகன் பேரையே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சங்ககிரி ரோட்டில் இருந்த டீச்சர் வீட்டுக்குப் போனார். பாடம் நடத்தும்போது டீச்சர் அழுததை நான்தான் சொல்லியிருந்தேன். அதை நம்பித்தான் போனார்.

"எந்தம்பிய ஒரு வாரம் உடச் சொல்லுங்க சாமி. அப்பன் மொகத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருவானுங்க."

"ரெண்டு வருசம்னு பேசித்தானுங்கக்கா போனது. நடுவுல ஒருத்தர உட்டா அப்பறம் எல்லாரும் கெளம்பிருவாங்க. பாஸ்போர்ட்ட நா எப்படி வாங்கித் தர்றது, சொல்லுங்க?" என்றார் டீச்சர். குரல் தன்மையாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு தட்டில் முறுக்கு வந்தது. மிச்சம் வைக்காமல் தின்றேன்.

அப்பச்சி போய்விட்டார். மகன் வைக்க வேண்டிய கொள்ளியை, தலையை மழித்துக்கொண்டு நான் வைத்தேன். யாரோ செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அதில் மாமா "அப்பா, அப்பா" என்று கத்தினார். பிறகு சிக்னல் போய்விட்டது. அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் நான்தான் பெரிய ஆள் என்ற நினைப்பு எனக்கு.

காரியமெல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மொட்டைத் தலையைத் தடவிக்கொடுத்தார். கண் கலங்கிவிட்டார். அதை நடிப்பு என்று சொல்ல இன்றும் எனக்கு வாய் வரவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் ஆத்திரமாவது ஆறியிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடிவந்து, எனக்காக டீச்சர் அழுதார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு, என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். நல்ல சேதிதானே சொன்னோம், இதற்கு எதற்கு அடி என்று எனக்கு விளங்கவேயில்லை.