இரண்டு தட்டு

நம்பாவிட்டால் போங்கள். கைவிலங்கு அறுத்த தழும்பு என் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

சிறைக் காவலர் பயிற்சி. மூன்று வாரப் பாடத்தை மாஸ்டர் ஒரே மதியத்தில் முடித்துக்கொண்டிருந்தார். முரண்டு பிடிக்கும் கைதியைக் குப்புறப் போட்டு அமுக்கும் பாடம். ஒருவர் கைதி, ஒருவர் காவலர். கீழே கிடப்பவருக்கு மூச்சு முட்டினால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். உடனே விட்டுவிட வேண்டும். அதுதான் முறை.

மாஸ்டரோ, "தட்டுறதெல்லாம் நடிப்புப்பா. விடாத" என்றார். கொறித்த கடலையின் தோலை மெத்தையிலேயே துப்பினார். மெத்தையில் பழைய வாந்தி நாற்றம் வேறு. இந்த ஆளுக்கெல்லாம் வணக்கம் வைக்க வேண்டியிருக்கிறதே!

முதலில் என் நண்பன் கைதி. கைகளைப் பின்னால் இழுத்து விலங்கு மாட்டினார் மாஸ்டர். முதுகில் முழங்காலை வைத்தேன்.

டப்... டப்...

விட்டுவிட்டேன்.

"ஏன்டா எந்திரிச்ச?"

"நீதானே தட்டின?"

"கை ரெண்டும் பின்னாடி இருக்கு. மூக்காலயா தட்டுவேன்?"

சிரித்தோம். ஆனால் அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

மணி நாலு இருபது. என் முறை. எனக்கும் பின்னால் விலங்கு.

கன்னம் மெத்தையில் ஒட்டியது. நண்பன் முதுகில் ஏறினான். "என்னடா பூ மாதிரி அமுக்குற?" என்று மாஸ்டரும் தன் முழங்காலை என் கழுத்தடியில் ஊன்றினார்.

மூச்சு நின்றது. கத்த முடியவில்லை. தட்டக் கை இல்லை...

மூக்குக்கு நேரே ஒரு கை.

நகமெல்லாம் நீலம்.

டப்... டப்...

நண்பன் பதறி எழுந்து மாஸ்டரைப் பிடித்துத் தள்ளினான். நான் இருமிக்கொண்டே திரும்பினேன்.

பக்கத்தில் யாரும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றார் மாஸ்டர். நாங்கள் அவரிடம் எதையும் கேட்கவே இல்லை.

விலங்கைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஸ்டோர்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"போன தடவை பயிற்சிக்கு வந்த பையன் அந்த மெத்தையிலதான் செத்தான். கடைசி வரைக்கும் தட்டிக்கிட்டே கெடந்தான். மேல இருந்த மாஸ்டர் எந்திரிக்கல."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் யாரைப் படுக்க வெச்சாலும் தட்டுற சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. தட்டுறது படுத்திருக்கிறவனா, செத்தவனான்னு தெரியணும்ல? அதனாலதான் எல்லார் கையிலயும் விலங்கு மாட்டுறாரு."