சத்தமில்லாத வண்டியும் ஓடிப்போன காளையும்

என் இடது காலில் மூன்று விரல்கள் கிடையாது. மஸ்கட்டில் கம்பி கட்டும் வேலையில் இருந்தபோது ஒரு கம்பிக்கட்டு சரிந்து விழுந்து போனவை. வலி ஆறு மாதத்தில் விட்டுவிட்டது. கியர் வண்டி ஓட்ட அந்த விரல்கள் எவ்வளவு தேவை என்பது ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. இரண்டு முறை விழுந்தேன். மூன்றாவது முறை விழுவதற்குள் பழைய பைக்கை விற்றுவிட்டேன்.

கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். எட்டாம் வகுப்பு பாதியில் ஓடிப்போய், திருப்பூர், கொச்சி, பம்பாய், மஸ்கட் என்று சுற்றிவிட்டு வெறுங்கையோடு திரும்பியவனுக்கு, பைக்கிலாவது ஊருக்குள் வர வேண்டும் என்றிருந்தது. வீம்புதான். புதுக்கோட்டையில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அந்த எலக்ட்ரிக் பைக் நின்றது. பார்க்க அசல் பைக் மாதிரியே அகலமான டயர், உயர்ந்த டேங்க். கடையில் இருந்த பெண் பிள்ளை மனப்பாடமாகச் சொன்னது.

"கிளட்ச் இல்லண்ணே, கியர் இல்லண்ணே, கிக்கர் இல்லண்ணே."

"அப்ப என்னதாம்மா இருக்கு?"

"டேங்க் இருக்குண்ணே. ஆனா அதுல பெட்ரோல் இல்ல, சாமான் வச்சுக்கலாம்."

மூடியைத் திறந்து காட்டியது. உள்ளே ஒரு குடம் தயிர் வைக்கலாம் போல இடம் இருந்தது. என் ஸ்பேனர்களும் பர்னர் குத்தும் ஊசிகளும் அங்கேயே கண்ணுக்குத் தெரிந்துவிட்டன. விரல்கள் போனதற்குக் கம்பெனி கொடுத்த காசு அன்றைக்கு வண்டியாக மாறியது.

கேஸ் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் என் தொழில். கொச்சியில் ஒரு கடையில் டீ கொடுக்கப் போய்க் கற்றுக்கொண்டது. அன்னவாசலைச் சுற்றி ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போவேன். கடைக்காரர்கள் சொன்ன தூரம் வண்டி போகாது. இரண்டு பழைய மிக்ஸியும் ஒரு கிரைண்டர் கல்லும் ஏற்றினால் இன்னும் குறையும். மெதுவாகப் போனால் கூடுதலாகப் போகும்; என் கைக்கு மெதுவாகப் போவது வராது. ஆனாலும் நடு வழியில் நின்றதில்லை. எந்த வீட்டில் அடுப்பைப் பிரிக்கிறேனோ அந்த வீட்டில் வண்டியைச் செருகிவிடுவேன். முதலில் கேட்கக் கூச்சமாக இருந்தது. தண்ணீர் கேட்கலாம், கரண்ட் எப்படிக் கேட்பது? ஒரு வீட்டிலும் இல்லை என்று சொன்னதில்லை. ஒரு அம்மா மட்டும், "எங்க வீட்டு டிவிக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டுவிட்டு, டிவி பிளக்கையே பிடுங்கி எனக்குக் கொடுத்தார்.

ஊரில்தான் கேலி தாங்க முடியவில்லை. நான் தங்கியிருப்பது அக்கா வீட்டில். மாமா சிங்கப்பூரில் இருக்கிறார். மாமாவின் தம்பி, அக்காவுக்குக் கொழுந்தன், பக்கத்து வீடு. சைலன்ஸரைக் கழற்றிவிட்டு வேறு எதையோ மாட்டி, தெரு முனையில் திரும்பும்போதே தட்டுமுட்டெல்லாம் அதிரும்படி ஒரு பைக் வைத்திருக்கிறான்.

"மாப்ள, ஒன் வண்டி ஓடுதா, இல்ல உருளுதா?"

"ஓடுது மச்சான்."

"நல்லாக் காது குடுத்துக் கேட்டேன், மூச்சே காணமேன்னு பாத்தேன். வண்டின்னா ஆம்பள மாதிரி உறுமணும்டா. இது அரைக்காத மிக்ஸி."

அக்காவுக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. அவளுக்கு ஒரே கவலைதான், அவள் வளர்க்கும் ஜல்லிக்கட்டுக் காளை. பால்குடி மறப்பதற்குள் தாயை இழந்த கன்றாக வாங்கி, புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. அவளுக்குக் குழந்தை இல்லை. இதை அவளும் பெரிதாகப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. காளையை 'சாமி' என்று கூப்பிடுவாள். அவள் குரல் கேட்டால் அது தீவனத்தைக்கூட விட்டுவிட்டுத் திரும்பும். மற்றவர்கள் கூப்பிட்டால் கொம்பைத்தான் திருப்பும். நான் ஊர் ஊராய்ப் போய்விட்டு ஒவ்வொரு முறையும் அந்த வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன். ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று அவள் கேட்டதில்லை. இலையைப் போட்டுவிடுவாள்.

பக்கத்து ஊர் ஜல்லிக்கட்டு அன்று காளையை லோடு வண்டியில் ஏற்றிக் கொழுந்தனும் அவன் கூட்டாளிகளும் முன்னால் போனார்கள். நான் அக்காவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். வாடிவாசலில் மூக்கணாங்கயிற்றை அறுத்து விட்டதும் காளை ஒரு சுற்று நின்று விளையாடியது. ஒருத்தரும் கிட்டே போகவில்லை. மைக்கில் அக்கா வீட்டுக்காரர் பெயரைச் சொன்னார்கள். பந்தலுக்கு வெளியே நின்ற அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவிழ்த்துவிட்ட மாடு களத்தைத் தாண்டி ஓடும். அந்தப் பக்கம் வயல்வெளியில் சொந்தக்காரர்கள் கயிறோடு நின்று பிடிப்பார்கள். அங்கே நிற்க வேண்டியவன் கொழுந்தன். பரிசாகக் கிடைத்த அண்டாவை வாங்க மேடைக்குப் போய்விட்டான். காளை வயலைத் தாண்டி, தைலமரக் காட்டுக்குள் போய்விட்டது.

இந்தப் பக்கத்து மாட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பைக் கொழுந்தனும் கூட்டாளிகளும் செய்தார்கள். ஆறேழு பைக்கில் கிளம்பிக் காட்டுக்குள் விரட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எந்த மாடு நிற்கும்? ஒரு மணி நேரம் கழித்து ஃபோன் வந்தது. மேற்கே போகிறதாம். மேற்கே நாலுவழிச் சாலை, கொடும்பாளூர் விலக்கு, நிற்காமல் போகிற லாரிகள். அதற்கு முன்னால் சுவர் வைக்காத கிணறுகள். போன வருஷம் வேறு ஒருவருடைய காளை அப்படி ஒரு கிணற்றில் விழுந்துதான் செத்தது. மணி நாலரை ஆகியிருந்தது. இருட்டுவதற்குள் பிடிக்காவிட்டால் அவ்வளவுதான்.

அக்கா கயிறோடு வந்து என் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "எடுடா."

சாவியைத் திருப்பினேன். காலையில் கிளம்பிய அவசரத்தில் பார்க்கவில்லை; இப்போது முப்பத்தெட்டு சதவீதம் காட்டியது. ராத்திரி முழுக்கச் செருகியிருந்த வண்டி. தொண்ணூறாவது இருக்க வேண்டும்.

"என்னக்கா இது? சார்ஜே இல்ல."

காட்டுப் பாதையில் இறங்கிய பிறகு சொன்னாள்.

"கொட்டாய்ல ஒரு பிளக்குதான இருக்கு. சாமிக்குக் கொசு புடுங்குச்சு. ஃபேன செருகுனேன்."

"என் வண்டியப் புடுங்கிட்டா?"

"ஒன் வண்டியக் கொசு கடிக்குமாடா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். அந்த இரண்டு நிமிஷம் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

வண்டியைச் சார்ஜ் மிச்சமாகிற சிக்கன ஓட்டத்தில் போட்டு ஆள் ஓடுகிற வேகத்தில் போனேன். என் கை எப்போதும் கேட்காத வேகம். தைலமரச் சருகில் டயர் நொறுங்குகிற சத்தம் மட்டும்தான். அக்கா பின்னாலிருந்து, "சாமீ... வாடா என் சாமீ..." என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். அவள் குரல் காட்டுக்குள் தெளிவாகப் போனது. ஒரு குருவி கத்தினாலும் எங்களுக்குக் கேட்டது. எந்தப் பெட்ரோல் வண்டியில் போயிருந்தாலும் அவள் கூப்பிட்டது அவளுக்கே கேட்டிருக்காது. இந்த யோசனை எனக்கு முன்கூட்டியே வரவில்லை. எடுக்கச் சொன்னாள், ஓட்டினேன். பாதி வழியில்தான் புரிந்தது.

வழியில் ஆடு மேய்த்தவர் ஒருவர் கையைக் காட்டினார். "கருப்புக் காளைதான? அந்தாக் கம்மாக் கரையில அங்கிட்டு நின்னுச்சு ஆத்தா. தண்ணி குடிக்கப் போச்சு. அதுக்குள்ள அந்தப் பயலுக டர்ருன்னு வந்தானுவ, மறுபடி ஓட்டம் புடிச்சிருச்சு."

கண்மாய்க் கரையில் கொழுந்தனும் அவன் ஆட்களும் நின்றார்கள். எல்லா வண்டியும் உறுமிக்கொண்டிருந்தது. அக்கா இறங்கிப் போன வேகத்தில் அவன் பின்வாங்கினான்.

"அணைச்சுத் தொலைங்கடா எல்லா எளவையும்! அண்டாவ வாங்கிட்டேல்ல? அத வச்சு நீயே பால் கறந்துக்க. எம் பிள்ளைய வெரட்டாத!"

"மதினி, நாங்க புடிக்கத்தான..."

"புடிச்ச! வாய மூடு!"

ஒவ்வொன்றாக அணைத்தார்கள். அவ்வளவு நேரம் கழித்து அந்தக் கரை அமைதியானது. கொழுந்தன் என் வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மாப்ள, நீங்க மட்டும் போங்க. நாங்க நடந்து வாரோம்" என்றான். அன்றைக்கு அவன் செய்த நல்ல காரியம் அது.

பதினொரு சதவீதத்தில் நாலுவழிச் சாலையின் லாரிச் சத்தம் தூரத்தில் கேட்கத் தொடங்கியது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்காவின் குரல் கட்டிப்போயிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒரு முந்திரித் தோப்பின் ஓரத்தில் வேலி முள் அசைந்தது. வண்டியை நிறுத்தினேன். நிறுத்தினதுகூட அவளுக்குத் தெரியவில்லை, அப்படி ஒரு சத்தமின்மை. "அக்கா, எறங்கு" என்று மெல்லச் சொன்னேன்.

காளை மரத்தடியில் நின்றது. வாயில் நுரை. ஒரு பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. எங்களைப் பார்த்ததும் தலையைத் தாழ்த்தியது. அதற்குப் பின்னால் முப்பதடியில் ஒரு கிணறு, சுற்றிலும் புல் மட்டும்.

அக்கா நேராகப் போகவில்லை. பக்கவாட்டில் நடந்து கிணற்றுக்கும் காளைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். "என்னடா சாமி, ஒழுங்கா நிக்க மாட்டியா? ஆத்தாவ இம்புட்டுத் தூரம் அலைய விட்டுட்ட பாரு" என்று வீட்டில் வைக்கோல் போடும்போது பேசுகிற மாதிரியே பேசினாள். நான் அசையவில்லை. காளை மூக்கை நீட்டி அவள் தோளை முகர்ந்தது. அவள் கழுத்துக்கு அடியில் சொறிந்துகொண்டே மூக்குத் துவாரத்தில் கயிற்றைக் கோர்த்தாள். முடிச்சுப் போட்ட பிறகுதான் கிணற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

தோப்புக்காரர் வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. புருஷன் பெண்சாதி இரண்டு பேர். யார், எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் காளைக்கு ஒரு தொட்டி தண்ணீரும், அக்காவுக்குச் சோறு ஊறிய நீச்சத்தண்ணி ஒரு சொம்பும் வந்தது. ஓடி வந்த மாட்டை யாரும் விரட்ட மாட்டார்கள். யாருடையதாக இருந்தாலும் தண்ணீர் காட்டிச் சொல்லி அனுப்புவார்கள். இந்தப் பக்கத்தில் அது பழக்கம். பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்த கொழுந்தன் லோடு வண்டியை வரச் சொன்னான். காளையை ஏற்றியதும் அக்காவும் கூடவே ஏறி அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். என் வண்டிக்கு இடமில்லை. நான்கு சதவீதத்தில் அது வீட்டுக்கு வராது.

"நீ போக்கா, நான் சார்ஜ் ஏத்திக்கிட்டு வாரேன்."

தோப்புக்காரர் வெளித் திண்ணையில் இருந்த பிளக்கைக் காட்டினார். "ஏறட்டும் தம்பி. எவ்வளவு நேரமாகும்?"

"ரெண்டு மணி நேரங்க."

"அப்ப சாப்ட்டுட்டுத்தான் போகணும்" என்றார். உள்ளே அந்த அம்மா, "இருக்கிறதத்தான் போடுவேன், கொற சொல்லக் கூடாது" என்றார். ரசமும் கருவாடும். எத்தனையோ ஊர்ச் சாப்பாடு தின்ற எனக்கு இதைக் குறை சொல்ல நாக்கு கிடையாது. கையோடு அவர்கள் அடுப்பின் அடைபட்ட பர்னரைப் பிரித்துச் சுத்தம் செய்து கொடுத்தேன். சாப்பாட்டுக்காகச் செய்யவில்லை. சும்மா உட்கார என்னால் ஆகாது, அவ்வளவுதான்.

மனதுக்குள் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு ஓடிய மாடு உள்ளே அடிபட்டிருந்தால் படுக்காது, நின்றுகொண்டே இருக்கும். விடிவதற்குள் உயிர் போய்விடும் என்று சொல்வார்கள். அந்தத் தூக்கித் தூக்கி வைத்த கால் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அக்காவுக்கும் அது தெரியும். அதனால்தான் இரண்டு முறை ஃபோன் செய்தும் அவள் எடுக்கவில்லை.

மணி ஏழரைக்கு அவளே கூப்பிட்டாள். குரல் சுத்தமாகப் போயிருந்தது. காற்றுதான் வந்தது.

"படுத்துட்டான்டா."

"படுத்துட்டானா?"

"இப்பத்தான். கால மடக்கிப் படுத்துட்டான். அசை போடுறான்."

நான் ஃபோனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. ஃபோனில் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் பக்கத்தில், மெதுவாக, ஒரே சீராக, வைக்கோல் அரைபடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.