கடுதாசிக் கோயில்

எங்கள் சபைக்கு வரும் தபால் பாதி நாள் ஊரின் பெரிய மாதா கோயிலுக்குப் போய்விட்டுத்தான் எங்களிடம் வந்து சேரும். தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோயில் எங்களுடையது. முப்பது குடும்பங்கள். திண்டுக்கல்லில் அப்படி ஒரு சபை இருப்பது பக்கத்துத் தெருவுக்கே தெரியாது. தெரியவைக்க வேண்டும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. நான் பள்ளிக்கூட டீச்சர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பண்டிகைதோறும் நோட்டீசு எழுதி ஒட்டினேன். கிறிஸ்துமசுக்குப் பாட்டுக் கோஷ்டியைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றினேன். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு சபையை நடத்தப் புதிதாக ஓர் உபதேசியார் மாற்றலாகி வந்தார். அவர் மனைவி எட்டாவதுதான் படித்தவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒரு சந்தை நாள் சாயங்காலம், எரியோட்டிலிருந்து சந்தைக்கு வந்த பெண் ஒருத்தி கையில் கடிதத்தோடு கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தாள். படித்துச் சொல்ல அவளுக்கு ஆளில்லை. உபதேசியார் மனைவி படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுத்தாள். அடுத்த சந்தைக்கு நான்கு பேர் வந்தார்கள். சில மாதங்களில் வடமதுரை, நத்தம் பக்கத்துப் பெண்களெல்லாம் காலிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வரிசையில் உட்கார ஆரம்பித்தார்கள். பட்டாளத்திலும் சிலோன் தோட்டத்திலும் இருந்த அவர்கள் வீட்டு ஆண்களுக்கு அவள் எழுதினாள். பஸ் ஸ்டாண்டில் ‘கடுதாசிக் கோயில்’ என்று சொன்னால் போதும், குதிரை வண்டிக்காரர் நேரே கொண்டுவந்து விட்டார்.

சபையில் எல்லோருக்கும் பெருமை. எனக்கு வயிறு எரிந்தது. அவள் எழுதியதை ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். கோணல் எழுத்து, வரிக்கு ஒரு பிழை. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

“கூட்டம் தாங்கல டீச்சர். நீங்களும் செத்த நேரம் எழுதுங்களேன்” என்றாள் அவள்.

அவளுக்குக் கையாளாக உட்காருவதா? வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நேரே சபைக் கமிட்டிப் பெரியவர்களிடம் போனேன்.

“மாமியா மருமக சண்டையெல்லாம் நம்ம கோயில் வாசல்ல வச்சுத்தான் எழுதணுமா?” என்றேன்.

அவர்கள் உபதேசியாரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவள் அன்றோடு எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த சந்தை நாளில் நானே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வடமதுரைக்காரி ஒருத்தி தன் புருஷனுக்கு நாலு வரி சொன்னாள். அழகாக எழுதிப் படித்துக் காட்டினேன்.

“அம்புட்டுத்தானா டீச்சரம்மா?”

“நீ சொன்னது அம்புட்டுத்தான்.”

“அந்தத் தாயி கேட்டுக் கேட்டு எழுதும். மாடு கன்னு போட்டுச்சா, புள்ள நடக்குதா, அவரு வச்ச முருங்க காய்ச்சுச்சான்னு. அதத்தான் எங்க வீட்டுக்காரரு ரெண்டு தரம் மூணு தரம் படிக்கச் சொல்லிக் கேப்பாராம்.”

கடிதத்தை வாங்காமலே எழுந்து போனாள். மற்றவர்களும் கலைந்தார்கள்.

அன்றைக்கே உபதேசியார் வீட்டுக்குப் போனேன். அவள் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“கமிட்டியில சொன்னது நான்தான்” என்றேன்.

“தெரியும் டீச்சர். உக்காருங்க.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மறுநாள் கமிட்டியிடம் போய், நான் சொன்னது பொறாமையில் சொன்னது என்று ஒப்புக்கொண்டேன். அதன்பின் வாசலில் இரண்டு நாற்காலிகள் போட்டோம். அவள் முன்னால் நீண்ட வரிசை. பஸ்ஸுக்கு அவசரப்பட்டவர்கள் மட்டும் என்னிடம் வந்தார்கள். கேட்டுக் கேட்டு எழுத நானும் பழகினேன். ஆனால் அவளிடம் பேசியதுபோல் என்னிடம் யாரும் பேசவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் உபதேசியாருக்கு மாற்றல் வந்தது. அவள் போன பிறகு எல்லோரும் என்னிடம்தான் வர வேண்டியிருந்தது. வந்த பெண்கள் முதலில் கேட்டது அவளைத்தான்.

“அந்தத் தாயி எந்த ஊருக்குப் போயிருக்கு? ஒரு கடுதாசி போடணும்.”

போகும்போது அவள் தன் விலாசத்தை என்னிடம் எழுதிக் கொடுத்திருந்தாள். தெரியாது என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.