செலவு குறைந்த ஊசி

பதினெட்டு வருடமாகக் கண்டியில் ஓர் அரச கந்தோரில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த புதிதில், இங்கே தமிழைக் காப்பாற்றப் போகிறேன் என்று நினைப்பு. இப்போது பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு எந்தக் காகிதம் வந்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

அந்தத் துண்டுப்பிரசுரமும் மூன்று மணிக்குப் பிறகுதான் வந்தது. குழந்தைகளை நியூமோனியாவில் இருந்து காக்கும் நியூமோகொக்கல் தடுப்பூசி பற்றியது. வசதி உள்ளவர்கள் டவுனில் தனியாரிடம் காசு கொடுத்துப் போடுவார்கள். என் மகளுக்கு நானும் அப்படித்தான் போட்டேன். இந்தமுறை ஒரு நலன்புரிச் சங்கம் வத்தேகமவில் ஒருநாள் முகாம் வைத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போட இருந்தது. இப்போது ஊசிக்குச் செலவிட்டால் பின்னால் வரும் பெரிய செலவு மிச்சம் என்ற பொருளில் சிங்களப் பிரதியில் ஒரு சொல். 'செலவுக்கேற்ற பயன் தரும் தடுப்பூசி' என்று எழுதிப் பார்த்தேன். தலைப்புப் பெட்டிக்குள் அடங்கவில்லை. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. 'செலவு குறைந்த தடுப்பூசி' என்று சுருக்கிப் போட்டுவிட்டு எழும்பிவிட்டேன்.

முகாம் நாளில் மொழி உதவிக்கு என்னையே அனுப்பினார்கள். பத்து மணியாகியும் கதிரைகள் காலி. தாதி கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார். பதினொரு மணிபோலப் பன்வில பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காராமல் என் துண்டுப்பிரசுரத்தை நீட்டினாள்.

"செலவு கொறஞ்ச ஊசின்னு போட்டிருக்கே மிஸ். டவுன் புள்ளைங்களுக்கு நல்ல ஊசி, எங்க புள்ளைங்களுக்கு மட்டும் மலிவு ஊசியா?"

"இல்லையம்மா, அதே ஊசிதான். என்ர மகளுக்கும் இதைத்தான் போட்டனான். இப்ப ஊசிக்குச் செலவழிச்சால் பிறகு வருத்தம் வந்து ஆஸ்பத்திரிக்குச் செலவழிக்கத் தேவையில்லை எண்டதுதான் அர்த்தம்."

"அப்படின்னு எழுதியிருக்கலாமே மிஸ். பெரியவன் நிமோனியாவுல ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ரெண்டு வாரம் வேலைக்குப் போகாம எனக்குப் பேரே விழல. பேர் இல்லாட்டி அன்னன்னக்கிச் சம்பளம் இல்ல. இன்னமும் மலை ஏறினா அவனுக்கு மூச்சு இழுக்குது."

என் பெட்டிக்குள் அடங்காததை அவள் நின்றபடியே சொல்லி முடித்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. அதை எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

குழந்தைக்கு ஊசி போட்டாயிற்று. அது மண்டபம் அதிர அழுதது.

"உங்கட லயத்து வீடுகளில வேற பிள்ளையளும் இருக்கினமெல்லே? எல்லாரையும் வரச் சொல்லுங்கோ. மூண்டு மணி மட்டும் இருப்பம்" என்றேன்.

"பதினாலு புள்ளைங்க இருக்கு." குழந்தையைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொடுத்தாள். "நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். சரியாத்தான் படிச்சேனான்னு கேக்க வந்தேன். மத்தவங்கள்லாம் நல்லாப் படிப்பாங்க மிஸ். படிச்சிட்டு வேணாம்னுட்டாங்க."